முதல் டாட்டூ: போடும் முன்பும் போட்ட பின்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் டாட்டூ போடப் போகிறவர்கள் அதிகம் கேட்பது வலியைப் பற்றித்தான். உண்மையில் கவலைப்பட வேண்டியவற்றில் அது கடைசி. மேல்கையின் வெளிப்புறம், முன்கை, கெண்டைக்கால் ஆகிய இடங்களில் வெயிலில் காய்ந்த தோலை முள்ளால் கீறுவது போல எரியும், அவ்வளவுதான். விலா, முதுகெலும்பு, முழங்கையின் உள்மடிப்பு, பாதம் ஆகியவை கடுமையானவை. முதல் முறைக்கு அவற்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கோடுகளால் ஆன உள்ளங்கை அளவு டாட்டூ ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பிற்பாடு வருத்தப்பட வைப்பவை, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பு அவசரமாக எடுத்த முடிவுகளும், வீட்டுக்குப் போன பிறகு காட்டிய அலட்சியமும்தான்.

ஊசி ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம் இறங்கி, மேல்தோலைத் தாண்டி உள்தோலில் மையை விடுகிறது. மேல்தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாக வளரும் என்பதால் அதோடு நின்ற மை தங்காது. உள்தோலுக்குள் போன மைத்துகள்களை நோய் எதிர்ப்பு செல்கள் விழுங்கி அங்கேயே வைத்துக்கொள்கின்றன. அதையும் தாண்டிக் கொழுப்பு அடுக்கு வரை ஊசி இறங்கினால் மை பக்கவாட்டில் பரவி, கோட்டைச் சுற்றி நீல நிழல் படியும். டாட்டூ போடுகிறவர்கள் இதை ‘புளோ அவுட்’ என்பார்கள். மணிக்கட்டின் உட்புறம், கணுக்கால் போன்று தோல் மெலிந்த இடங்களில் இது எளிதில் நேரும். அனுபவம் குறைந்தவரிடம் போனால் இன்னும் எளிதில் நேரும்.

சின்னதாகப் போதும் என்பது

முதல் முறைதானே என்று பலர் கட்டைவிரல் நகம் அளவுக்குள் ஒரு படத்தையும் பெயரையும் சேர்த்துக் கேட்கிறார்கள். நன்றாகப் போட்ட கோடும் வருடங்கள் போகப்போகக் கொஞ்சம் தடிக்கும். அது தோலின் இயல்பு. இரண்டு கோடுகளுக்கு இடையே இன்றைக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், சில ஆண்டுகளில் அது மூடிக்கொள்ளும். அளவைக் குறைக்க விரும்பினால் படத்தின் நுணுக்கத்தையும் குறையுங்கள்.

தமிழ் எழுத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ண, ஞ, ணை போன்றவற்றில் உள்ள சுழிகள்தான் முதலில் அடைபடும். புள்ளி பரவி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் மெய்யா உயிர்மெய்யா என்று தெரியாது. எழுத்தின் உயரம் குறைந்தது ஒரு சென்டிமீட்டராவது இருக்கட்டும். சுழி நிறைந்த சொல்லானால் அதற்கும் மேலே போங்கள். பட்டையும் மெலிவும் மாறி மாறி வரும் அலங்கார எழுத்துருவைவிட ஒரே தடிமனுள்ள எழுத்துரு தோலில் நன்றாக நிற்கும்.

எழுத்துப்பிழை இன்னொரு பெரிய வேதனை. ‘வாழ்க்கை’யில் க் விழுந்து ‘வாழ்கை’ ஆவதும், ‘எந்நாளும்’ என்பது ‘என்னாளும்’ ஆவதும் அடிக்கடி நடப்பவை. அதைவிட மோசமாக, தமிழுக்கு ஒத்துழைக்காத வடிவமைப்பு மென்பொருளில் சொல்லை ஒட்டினால் எழுத்தே உடையும். ‘பொன்னி’ என்று தட்டச்சு செய்தால் கொம்பு ப-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ன்-னின் புள்ளி தலைமேல் உட்காராமல் விலகி நிற்கும். பெங்களூரிலோ மும்பையிலோ வெளிநாட்டிலோ தமிழ் படிக்கத் தெரியாத கலைஞர் அதை அப்படியே பிரதி எடுப்பார், அவர்மேல் குற்றமில்லை. சொல்லை எழுத்தாக அனுப்பாமல், சரியாகத் தெரியும் இடத்திலிருந்து படமாகவோ பிடிஎஃப் ஆகவோ கொடுங்கள். ஊசி எடுக்கும் முன், தோலில் ஒட்டிய ஸ்டென்சிலை (ஊசி பின்பற்றும் படத்தின் அச்சு) புகைப்படம் எடுத்து, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பி ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்களே படித்தால் மனதில் இருப்பதைத்தான் கண் படிக்கும்.

நிறமும் இடமும்

இணையத்தில் பார்க்கும் இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள் வாட்டர்கலர் டாட்டூக்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் போட்டவை. நம் தோலில் மை, நிறமி உள்ள மேல்தோலுக்கு அடியில் இருக்கிறது. மாநிறக் கண்ணாடி வழியே பார்ப்பது போலத்தான் அது தெரியும். மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் கறுப்பு மை அழகாக எடுபடும்; அடர்ந்த சிவப்பு, அடர்ந்த நீலம் பரவாயில்லை. வெளிர்நிறங்களும் வெள்ளையும் ஆறியபின் ஏமாற்றும். ஒவ்வாமை அதிகம் தருவது சிவப்பு மை என்பதையும் கணக்கில் வையுங்கள். புதிதாகப் போட்ட படத்தை மட்டும் பார்த்துக் கலைஞரைத் தேர்ந்தெடுக்காமல், உங்கள் நிறத் தோலில் ஒரு வருடத்துக்கு முன் போட்ட டாட்டூவின் இன்றைய படத்தைக் கேளுங்கள்.

விரல், உள்ளங்கை, பாதத்தின் ஓரம் ஆகியவை வேகமாக மங்கும். மச்சத்தின் மேல் போடக் கூடாது. பிற்காலத்தில் அந்த மச்சம் மாறினால் மருத்துவருக்குத் தெரியாமல் போகும்.

சீருடைப் பணிக்குத் தயாராகிறவர்கள் இடம் விஷயத்தில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். இந்திய ராணுவ ஆள்சேர்ப்பில் முழங்கையின் உட்புறத்திலிருந்து மணிக்கட்டு வரையிலான முன்கை உட்பகுதி, புறங்கை ஆகிய இடங்களில் உள்ள டாட்டூவுக்குத்தான் அனுமதி. பழங்குடியினருக்கு அவர்கள் மரபையொட்டித் தனி விலக்கு உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளின் அறிவிப்புகளில் முன்கை என்றால் சல்யூட் அடிக்காத இடதுகை மட்டும்தான். அளவும் அந்த உறுப்பில் நான்கில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேறிய பிள்ளைகள் மருத்துவப் பரிசோதனையில் தோள்பட்டை டாட்டூவால் திரும்பி வருவது மனதை வருத்தும் விஷயம். அறிவிப்பைப் படித்துவிட்டுப் போடுங்கள். இலங்கைக்குப் பயணம் போகிறவர்கள் கவனத்துக்கு: 2014-இல் கையில் புத்தர் உருவம் இருந்ததற்காக ஒரு பிரிட்டிஷ் பயணியை அங்கே கைது செய்து நாடு கடத்தினார்கள்.

‘முதலில் தற்காலிகமாகப் போட்டுப் பார்ப்போம்’ என்று கடற்கரையிலும் கண்காட்சியிலும் கறுப்பு மருதாணி வைத்துக்கொள்வதும் ஒரு தவறு. அசல் மருதாணி கறுக்காது. கறுப்புக்காக அதில் கலப்பது தலைச்சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருள். அது தோலைக் கொப்பளிக்க வைத்து, அந்தப் படத்தின் வடிவத்திலேயே தழும்பை விட்டுவிடும். பின்னாளில் தலைக்குச் சாயம் பூசினாலும் ஒவ்வாமை கிளம்பும். இடத்தைப் பார்க்கப் பேனாவால் வரைந்துகொண்டு இரண்டு நாள் நடமாடினாலே போதும்.

கடையில் கண்ணை எங்கே வைப்பது

திருவிழாவில் ஒரே ஊசி, ஒரே மைக்கிண்ணத்தால் வரிசையாகப் பலருக்குக் குத்தும் கடையில் கை நீட்டாதீர்கள். பச்சை குத்துதல் நம் பாட்டிமார் கைகளில் இருந்த அழகான மரபுதான். ஆனால் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் ரத்தம் பட்ட ஊசி வழியே பரவக்கூடியவை. ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. போடாதவர்கள் டாட்டூவுக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

குளிர்சாதன அறையும் சுவரில் தொங்கும் சான்றிதழும் சுத்தத்துக்கு அத்தாட்சி ஆகாது. பார்க்க வேண்டியவை வேறு. இயந்திரத்தில் செருகும் ஊசிக்கூடான கார்ட்ரிட்ஜின் உறையை உங்கள் முன்னால்தான் பிரிக்க வேண்டும். உறையில் காலாவதித் தேதி இருக்கும், கேட்டுப் பாருங்கள். கார்ட்ரிட்ஜுக்குள் மெல்லிய சவ்வு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முந்தையவரின் ரத்தமும் மையும் இயந்திரத்துக்குள் ஏறியிருக்கும். மையைப் புட்டியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிறு கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். மீந்ததைத் திரும்பப் புட்டியில் ஊற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். இயந்திரம், அதன் வயர், தெளிப்பான் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்க வேண்டும். கையுறையோடு செல்போனைத் தொட்டுவிட்டு அதே கையுறையோடு தோலைத் தொடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ‘கையுறை மாத்திடுங்க’ என்று சொல்லத் தயங்காதீர்கள்.

மையை நீர்க்கச் செய்ய என்ன ஊற்றுகிறார்கள் என்பதும் முக்கியம். அது கிருமி நீக்கிய நீராக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ கூடாது. 2011-12இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பலருக்கு டாட்டூவின் சாம்பல் நிறப் பகுதியில் மட்டும் சிவப்புப் பருக்கள் கிளம்பின. தொழிற்சாலையிலேயே நீர்த்து வந்த சாம்பல் மையில் இருந்த மைக்கோபாக்டீரியம் வகைக் கிருமிதான் காரணம். ஊசி சுத்தமாக இருந்தும் மை கெடுத்த சம்பவம் அது.

மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியவர்கள்

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், காது குத்திய இடத்திலோ தடுப்பூசித் தழும்பிலோ மேடு தட்டி வளரும் கெலாய்டு உள்ளவர்கள் நேராகக் கடைக்குப் போகக் கூடாது. மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் அதை முடித்து ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். கர்ப்பிணிகள் தள்ளிப்போடுங்கள். இந்தியாவில் டாட்டூ போட்ட 12 மாதங்களுக்கு ரத்த தானம் செய்ய முடியாது. வீட்டில் யாருக்காவது ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

அன்றைக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மயங்கி விழுபவர்களில் பலர் காலையில் காபியோடு வந்தவர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வயிறார சாப்பிடுங்கள். முந்தைய 24 மணி நேரம் மது வேண்டாம்; ரத்தம் அதிகம் கசிந்து மையை வெளியே தள்ளும். லிடோகெயினும் பிரிலோகெயினும் கலந்த மரப்புக் கிரீமைச் சிறிய இடத்தில் தடவி மேலே படலம் சுற்றினால் ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும். முதுகு முழுக்க அப்பினால் மருந்து ரத்தத்தில் ஏறி ஆபத்தாகும்.

ஸ்டென்சில் ஒட்டியதும் படுத்தபடி பார்க்காதீர்கள். எழுந்து நின்று, கையைத் தொங்கவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். முன்கையைத் திருப்பினால் நேர்க்கோடே சாய்வதைக் காண்பீர்கள். பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டியபின் பத்து, பதினைந்து நிமிடம் காயவிடாமல் தொடங்கினால் பாதியில் அழிந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

கைதேர்ந்த வேலையும் கெடுவது இங்கேதான். டாட்டூ ஒரு திறந்த காயம். மேலே சுற்றியது சமையலறைப் படலம் என்றால் நம் ஊர் வெக்கையில் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். உள்ளே வியர்வை ஊறிக் கிருமி பெருகும். காற்றுப் புகும் ஒட்டுப்படலம் என்றால் கலைஞர் சொன்ன நாள்வரை வைக்கலாம். ஓரம் பிரிந்து நீர் கசிந்தாலோ ஒட்டிய இடம் அரித்தாலோ உடனே எடுத்துவிடுங்கள்.

கையை நன்றாகக் கழுவிவிட்டு, வாசனை இல்லாத மென்சோப்பால் நாளைக்கு இரண்டு மூன்று முறை விரல்நுனியால் மட்டும் கழுவுங்கள். ஸ்க்ரப்பர், பீர்க்கங்கூடு, பழைய துண்டு எதுவும் வேண்டாம். டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். பிறகு வாசனையற்ற கிரீமைத் தோல் பளபளக்காத அளவுக்கு மெல்லியதாகத் தடவுங்கள். அப்பினால் பொருக்கு ஊறிப்போய் மையோடு பெயர்ந்து வரும். மஞ்சள், சமையலறைத் தேங்காய் எண்ணெய், டெட்டால், டால்கம் பவுடர் நான்கையும் பெரியவர்கள் அன்பாகச் சொல்வார்கள், நான்கும் வேண்டாம். மஞ்சளும் எண்ணெயும் கிருமி நீக்கியவை அல்ல. டெட்டால் புதுத்தோலை எரிக்கும்.

நான்காம் நாள் வாக்கில் தோல் உரியத் தொடங்கி அரிக்கும். சொறிந்தால் அந்த இடத்தில் மை போய்விடும். உள்ளங்கையால் மெல்லத் தட்டுங்கள். உரிந்த பின் சில நாள் மங்கலாகத் தெரிவது இயல்பு. மேற்புறம் ஆற இரண்டு முதல் நான்கு வாரம். அதுவரை கடல், குளம், கிணறு, நீச்சல்குளம் எதிலும் இறங்காதீர்கள். குளியல் மட்டும் போதும். ஸ்கூட்டரில் போகும்போது முழுக்கைப் பருத்திச் சட்டை அணியுங்கள். முழுதும் ஆறியபிறகே சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல்.

இரண்டு மூன்று நாள் சிவந்து வீங்குவதும் தெளிந்த நீர் கசிவதும் சாதாரணம். அதன் பிறகும் சிவப்பு பரவினால், தொட்டால் சுட்டால், சீழ் வைத்தால், காய்ச்சல் அடித்தால், சிவப்புக் கோடு மேலே ஏறினால் டாட்டூ கடைக்காரரை அழைக்காமல் மருத்துவரைப் பாருங்கள். சில வாரம் கழித்து வரும் பருக்களுக்குத் தோல் மருத்துவர்தான் வேண்டும். மேலே சொன்ன மைக்கோபாக்டீரியம் வகைக் கிருமிக்குச் சாதாரண ஆன்டிபயாட்டிக் கேட்காது.

அங்கங்கே மை விட்டுப்போயிருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து டச்-அப் கேளுங்கள். அது கட்டணத்தில் சேர்த்தியா என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். பிடிக்காமல் போய் அழிக்க வேண்டிவந்தால், நம் தோல் நிறத்தில் கறுப்பு மையை எடுக்க ஏற்றது 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர். ஆறு முதல் எட்டு வார இடைவெளியில் பல அமர்வுகள் வேண்டியிருக்கும். அதைத் தோல் மருத்துவரிடம் மட்டும் செய்துகொள்ளுங்கள். ஆன்லைனில் விற்கும் அழிக்கும் கிரீம்கள் தோலை எரிக்குமே தவிர, உள்தோலில் இருக்கும் மையை எட்டாது.