டி.என். 82 (மயிலாடுதுறைப் பதிவு) வண்டியோடு டெல்லிக்குக் கிளம்புகிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்

2024-ல் ஐப்பசியின் கடைசி நாளான கடைமுகம் நவம்பர் 15-ல் வந்தது. மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் அம்மாவும் அத்தையும் முழுக்குப் போட்டார்கள். ஈரப் புடவையைப் பையில் திணித்த கையோடு வண்டியில் ஏறினோம். டெல்லியில் அக்கா மகள் வீட்டில் இரண்டு நாள், பிறகு ஹரித்வார். இதுதான் திட்டம். வண்டி மச்சானுடையது, 2018 டீசல். மெக்கானிக் பானெட்டை மூடிக்கொண்டே, "பஞ்சு மாதிரி ஓடுதுண்ணே, இமயமலைக்கே போலாம்" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

நான்காம் நாள் குவாலியர் பக்கம் டீக்கு நிறுத்தியபோது அக்கா மகளிடமிருந்து போன். "மாமா, வண்டிய டெல்லிக்குள்ள கொண்டு வராதீங்க. பி.எஸ். ஃபோர் டீசலுக்குத் தடை போட்டுருக்காங்க. பிடிச்சா இருபதாயிரம்." பி.எஸ். என்பது வண்டிப் புகைக்கான மாசு விதி, மச்சான் வண்டி பி.எஸ். 4. நாங்கள் முழுக்குப் போட்ட அதே நாள் காலை 8 மணிக்குத் தடை அமலுக்கு வந்திருக்கிறது. 18-ஆம் தேதி அதைவிடக் கடுமையான கட்டத்துக்கும் போய்விட்டார்கள். 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தபிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்?

டெல்லியில் உங்கள் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. வண்டியின் ஜாதகத்தைத்தான் கேட்கிறார்கள். அதை வீட்டிலேயே பார்த்துவிடலாம், பத்து நிமிட வேலை.

படி 1: ஆர்.சி.யை எடுங்கள்

மூன்று விவரம் வேண்டும்: எரிபொருள் என்ன, பதிவான தேதி எது, மாசு விதி எது. மூன்றாவதுதான் பி.எஸ்., அதாவது பாரத் ஸ்டேஜ். புதிய அட்டைகளில் அச்சாகியிருக்கும். பழைய ஆர்.சி. புக்கில் இல்லாவிட்டால் எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அந்த இடம் காலியாக இருந்தால் வண்டி வாங்கிய ஷோரூமிலோ ஆர்.டி.ஓ. ஆபீசிலோ கேட்டுவிட வேண்டியதுதான்.

"2014 வண்டிதானே, பி.எஸ். 4-ஆகத்தான் இருக்கும்" என்று வருஷத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். டெல்டாக்காரர்கள் ஏமாறுகிற இடம் இது. பி.எஸ். 4 விதி 2010-ல் டெல்லி, சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு மட்டும்தான் வந்தது. நாடு முழுவதற்கும் அது கட்டாயமானது 2017 ஏப்ரல் 1 முதல். அதனால் 2014-ல் சென்னையில் வாங்கிய கார் பி.எஸ். 4, அதே வருஷம் நம் ஊரில் வாங்கியது பி.எஸ். 3 என்று இருக்க வாய்ப்பு உண்டு. 2017 மார்ச் கடைசி இரண்டு நாளில் பைக் ஷோரூம்களில் திருவிழாக் கூட்டம் நின்றது ஞாபகம் இருக்கிறதா? பி.எஸ். 3 வண்டிகளை ஏப்ரல் முதல் விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால் தள்ளுபடியில் தள்ளிவிட்டார்கள். அப்போது வாங்கியிருந்தால் உங்கள் வண்டி எது என்று உங்களுக்கே தெரியும்.

பி.எஸ். 5 என்று ஒன்று நம் நாட்டில் வரவே இல்லை. 4-லிருந்து தாண்டி 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய வண்டி என்றால் முன் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இளநீலம் பெட்ரோல் அல்லது சி.என்.ஜி., ஆரஞ்சு டீசல். மேலே பச்சைப் பட்டை இருந்தால் பி.எஸ். 6. வெயிலில் உரிந்துவிட்டது என்று பிய்த்துப் போட்டவர்கள் நம்மில் நிறையப் பேர்.

படி 2: எந்தக் கட்டத்தில் உங்கள் வண்டி மாட்டும்?

லண்டனில் ஒரு கோடு போட்டு, உள்ளே வந்தால் வருஷம் முழுக்கக் கட்டணம் என்கிறார்கள். டெல்லியில் அப்படி இல்லை. காற்று கெடக் கெடத் தடை ஏறும், தேறினால் இறங்கும். இதற்கு கிராப் என்று பெயர். அறிவிப்பது காற்றுத் தர மேலாண்மை ஆணையம். காற்றுத் தரக் குறியீடு 201-ஐத் தொட்டால் முதல் கட்டம், 301-ல் இரண்டாவது, 401-ல் மூன்றாவது, 450-ஐத் தாண்டினால் நான்காவது.

கார்க்காரருக்கு முக்கியமானது மூன்றாம் கட்டம். பி.எஸ். 3 பெட்ரோல் கார், பி.எஸ். 4 டீசல் கார் இரண்டும் அப்போது ஓடக்கூடாது. டெல்லிக்குள் மட்டுமல்ல, குருகிராம், ஃபரிதாபாத், காஸியாபாத், நொய்டா இருக்கும் கௌதம புத்த நகர் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் அப்படித்தான். மீறினால் அபராதம் 20,000 ரூபாய். மாற்றுத்திறனாளிகள் தங்களுக்கென மாற்றியமைத்து, சொந்த உபயோகத்துக்கு ஓட்டும் வண்டிக்கு விலக்கு உண்டு.

பி.எஸ். 4 பெட்ரோல்காரர்களும் ரொம்ப நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். 2025 டிசம்பரில் மாசு உச்சத்துக்குப் போனபோது, வெளியூர்ப் பதிவு வண்டி பி.எஸ். 6-ஆக இல்லாவிட்டால் உள்ளே வராதே என்று 18-ஆம் தேதி முதல் நிறுத்தினார்கள்.

வயது விதி தனி. பத்து வருஷம் தாண்டிய டீசல், பதினைந்து தாண்டிய பெட்ரோல் வண்டிகள் டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓடக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காட்டிக் கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. அதே டிசம்பரில், அந்தச் சலுகை பி.எஸ். 4-க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும்தான் என்று சுருக்கியது. ஆக, தாத்தா காலத்து பி.எஸ். 2, பி.எஸ். 3 டீசலை எவ்வளவு பிரியமாகப் பராமரித்தாலும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கொள்ளிடக் கரையிலேயே ஓட்டிக்கொள்ளலாம்.

லாரி, மினி லாரி வைத்திருப்பவர்களுக்கு: டெல்லியில் பதிவாகாத சரக்கு வண்டி என்றால் 2025 நவம்பர் 1 முதல் பி.எஸ். 3-க்கும் அதற்குக் கீழே உள்ளவற்றுக்கும் உள்ளே இடமில்லை. பி.எஸ். 4-க்கு 2026 அக்டோபர் 31 வரை அவகாசம்.

படி 3: மாதத்தை மாற்றுங்கள்

எல்லாப் படிகளிலும் செலவில்லாதது இது. ஆனால் நம் ஆட்கள் காதில் ஏறாதது.

நமக்குப் பயணத் தோது இரண்டு. ஒன்று, கடைமுகமும் தீபாவளியும் முடிந்த கையோடு. இன்னொன்று, தையில் சம்பா அறுத்துப் பணம் கைக்கு வந்தபிறகு. முதலாவது டெல்லியின் மிக மோசமான காலத்தில் போய் விழுகிறது. குளிரில் காற்று அசையாமல் நிற்கும். வண்டிப் புகை, கட்டட வேலைத் தூசு எல்லாம் தரையோடு தங்கும். அதோடு பஞ்சாப், ஹரியானா பக்கம் நெல் தாள் எரிக்கிற புகையும் சேரும்.

அவர்கள் ஏன் எரிக்கிறார்கள் என்று அத்தை மதுராவில் கேட்டார். "நம்மூர்ல வக்கோல யாராவது கொளுத்துவாங்களாடா?" நமக்கு சம்பா முடிந்தால் அவசரமில்லை. அறுப்புக்கு முன்பே ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுகிறோம், வைக்கோலைக் கட்டு கட்டி விற்கிறோம். அங்கே நெல்லுக்கும் கோதுமைக்கும் நடுவில் கிடைப்பது சில வாரம்தான். நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் பஞ்சாப் ஒரு சட்டம் போட்டு நடவை ஜூனுக்குத் தள்ளியது. நடவு தள்ளினால் அறுப்பும் தள்ளும். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா திறக்காதா என்று நாள் எண்ணுகிற நமக்கு, தேதி நழுவினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அத்தை "பாவம்" என்றார், பிறகு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஆகவே பி.எஸ். 4 டீசல் வைத்திருந்தால் மாசியில் கிளம்புங்கள். பிப்ரவரி பாதிக்கு மேல் அங்கே காற்று தேறத் தொடங்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது.

படி 4: புகைச் சான்று

தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது வேண்டும். சான்றிலேயே காலாவதித் தேதி இருக்கும். போகவும் வரவும் ஆகும் நாட்களுக்குச் சேர்த்துத் தாங்குமா என்று பாருங்கள். சான்று இல்லாவிட்டால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். 2025 டிசம்பரில் டெல்லி பங்க்குகளில் சான்று இல்லாத வண்டிக்கு எண்ணெயே ஊற்றக்கூடாது என்றும் உத்தரவு வந்தது.

சோதனையை உண்மையாகவே எடுங்கள். குழாயில் கருவியைச் செருகாமல் பேப்பரை மட்டும் நீட்டுகிற இடங்கள் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் டீசல் வண்டி கரும்புகை கக்கும், அதை மாற்றிய பிறகு சோதனைக்குப் போங்கள். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், லைசென்ஸ், புகைச் சான்று நான்கையும் டிஜிலாக்கரில் ஏற்றி வையுங்கள். காகிதத்திலும் ஒரு நகல் இருக்கட்டும். வடக்கே நிறுத்தினால் முதலில் காதில் விழுவது "பொல்யூஷன் திகாவோ", அதாவது புகைச் சான்றைக் காட்டு என்பதுதான்.

படி 5: வழியில் தினமும் ஒருமுறை

நாக்பூர் தாண்டியதிலிருந்து தினமும் சாயங்காலம் சமீர் செயலியில் டெல்லியின் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். 350-ஐத் தாண்டி ஏறுமுகமாக இருந்தால் மாற்று ஏற்பாட்டை யோசிக்கத் தொடங்குங்கள். தடை வருவதற்கு முந்தைய நாளே உங்களுக்கு எச்சரிக்கை கிடைத்த மாதிரி.

படி 6: தடை வந்துவிட்டால்

எங்களுக்கு முதலில் தோன்றிய யோசனை, டெல்லிக்குள் போகாமல் வளைத்துப் போய்விடலாம் என்பது. பல்வலிலிருந்து குண்ட்லி வரை கிழக்கு வளைய விரைவுச்சாலை இருக்கிறதே! வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் விழித்தோம். அந்தச் சாலை போவதே ஃபரிதாபாத், கௌதம புத்த நகர், காஸியாபாத் மாவட்டங்கள் வழியாக. ஆக்ராவிலிருந்து வரும் யமுனா விரைவுச்சாலையும் முடிவது கிரேட்டர் நொய்டாவில். இரண்டுமே தடை வட்டத்துக்குள்.

மிஞ்சியது இரண்டு வழி. வண்டியை வட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டு ரயில் ஏறலாம். மதுராவும் பல்வலும் அதற்குத் தோதானவை, பல்வலிலிருந்து டெல்லிக்கு மின்சார ரயில் ஓடுகிறது. நாங்கள் மதுராவில் தங்கிய விடுதியிலேயே வண்டியை விட்டுவிட்டு ரயிலில் போனோம். அல்லது டெல்லியையே விட்டுவிட்டு அலிகர், புலந்த்ஷகர், மீரட் வழியாக ஹரித்வாருக்குப் போகலாம். சாலை அவ்வளவு சொகுசு இல்லை, கரும்பு டிராக்டர்கள் வழிவிடாது. டெல்லியிலிருந்து மதுராவுக்குத் திரும்பி அந்த வழியில் போனபோது, அம்மாவுக்கு என்னவோ அதுதான் பிடித்தது, ஊர் மாதிரி இருக்கிறதாம்.

படி 7: திரும்பி வந்த பிறகு

இ-சலான் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு ஒருமுறை பாருங்கள். கேமரா பிடித்த அபராதம் ஓட்டியவருக்கு வராது, ஆர்.சி.யில் உள்ள சொந்தக்காரரின் செல்போனுக்குத்தான் குறுஞ்செய்தியாக வரும். இரவல் வண்டி என்றால் கிளம்பும் முன்பே அந்த நம்பர் சரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மச்சானுடையதில் இருந்தது அவர் விட்டுப் பல வருஷமான பழைய நம்பர். இப்போது அது யாரிடம் இருக்கிறதோ, எங்கள் அதிவேக அபராதச் செய்தி ஒன்று அவருக்குப் போயிருக்கிறது.