துபாயில் இருந்தபடியே ஊர் நிலத்தை விற்கப் பவர் கொடுப்பது எப்படி?

தமிழ்நாட்டில் இருக்கும் நிலத்தை விற்க அக்காவுக்குப் பவர் (எனக்குப் பதிலாக அவர் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி அனுப்பினேன். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டவை இவை. பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. வக்கீல்

இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பத்திரங்களைத் தொடவே தொடாதீர்கள். நிலம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வருகிறதோ, அங்கே வாடிக்கையாகப் போய்வரும் வக்கீலாகப் பிடியுங்கள்.

2. வரைவு

ஜெனரல் பவர் வேண்டாம், அந்த ஒரு சொத்துக்கு மட்டும் ஸ்பெஷல் பவர் போதும் என்பது என் கட்சி. சர்வே எண், பரப்பு, நான்கெல்லை எல்லாம் மூலப்பத்திரத்தில் உள்ளபடியே வர வேண்டும். கிரய ஒப்பந்தம் போட, கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட, பதிவுக்குத் தாக்கல் செய்ய என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பணம் உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கே (வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) வர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் சொந்தத்துக்குள் பேச்சு வராது.

வாங்குபவர் பேரிலேயே பவர் எழுதிப் பணத்தை வாங்கிக்கொள்ளும் பழைய வழக்கம் வேண்டாம். பவரை வைத்து உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது.

3. கையெழுத்து

வீட்டிலேயே போட்டுவிட்டுப் போகாதீர்கள். இந்தியத் துணைத் தூதரகத்தில், அதிகாரி முன்னால் போடுங்கள். பதிவுச் சட்டம் 33ஆம் பிரிவு நோட்டரியையும் ஏற்கிறதுதான். ஆனாலும் என் ஓட்டு தூதரகத்துக்கே.

4. மூன்று மாதக் கெடு

தலைவலி இங்கேதான். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும் (முத்திரைச் சட்டம், 18ஆம் பிரிவு). மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் ‘அட்ஜூடிகேஷன்’ (தீர்வை எவ்வளவு என்று நிர்ணயிப்பது) என்று கேளுங்கள். நீங்கள் கையெழுத்திட்ட தேதி கணக்கில் வராது, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த தேதிதான் கணக்கு. அதற்கு அத்தாட்சி கூரியர் உறை! அக்கா பத்திரத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு உறையைக் குப்பையில் போட்டுவிட்டார். அப்புறம் கூரியர் டெலிவரி விவரத்தை அச்செடுத்துக் கொடுத்து வக்கீல்தான் சமாளித்தார். யாராவது கையோடு கொண்டுவந்தால், அவர் பாஸ்போர்ட்டில் விழுந்த வருகை முத்திரையை நகலெடுத்து வையுங்கள்.

கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதவில்லை. தமிழ்நாடு பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. கிரயம்

பதிவின்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு உயிர்ச்சான்று கேட்பார்கள். அது 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அதனால் பதிவு நாள் முடிவாகும்வரை அதற்காக அலையாதீர்கள்.

பின்சேர்க்கை: அப்பாவுக்கு ஞாபகமறதி நோய், அவர் முன்பு கொடுத்த பவர் செல்லுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி, கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை தவறினாலோ பவர் முடிந்துவிடும். நீதிமன்றம் வழியாகக் காப்பாளர் நியமனம் கேட்க வேண்டியிருக்கும், உடனே வக்கீலைப் பாருங்கள். இன்னொருவர், இதே பவரை வைத்து வங்கிக் கணக்கையும் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நிலத்துக்கு மட்டும் எழுதிய பவர் அதற்கு உதவாது. வங்கிகள் இதற்குத் தனிப் படிவம் வைத்திருப்பதுண்டு, கிளையில் கேளுங்கள்.