இசைக் கல்லூரி ஆடிஷன்: முதல் வாசிப்புக்குத் தயாராவது எப்படி?

வீட்டில் சாதகம் செய்யும்போது என்ன நடக்கிறது என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். முதல் முறை வாசிக்கும்போது இரண்டு இடத்தில் தடுமாறும். அடுத்த முறை கொஞ்சம் பரவாயில்லை. நான்காவது முறை அழகாக வந்துவிடும். "சரி, இது வந்துவிட்டது" என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

ஆடிஷன் அறையில் அந்த நான்காவது முறை கிடையாது. உள்ளே போகிறீர்கள், உட்காருகிறீர்கள், முதல் முறை எப்படி வருகிறதோ அதைத்தான் கேட்பார்கள். எனக்கு முதல் ஆடிஷனில் நடந்தது இதுதான். மாதக்கணக்கில் வாசித்த சொனாட்டா, முதல் பக்கத்திலேயே வேகம் கையை மீறிப் போய்விட்டது. நான் குறைவாகச் சாதகம் செய்திருக்கவில்லை. முதல் வாசிப்பை மட்டும் சாதகம் செய்யாமல் விட்டிருந்தேன். நீங்கள் அதை விடாமல் இருக்கத்தான் இந்த விளக்கம்.

1. நிபந்தனைகளை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்

குறைந்தது ஆறு மாதத்துக்கு முன்பே, நீங்கள் சேர நினைக்கும் ஒவ்வொரு கல்லூரியின் ஆடிஷன் நிபந்தனைகளையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை உருப்படிகள், எந்தக் காலகட்டத்தைச் சேர்ந்தவை, மனப்பாடமாக வாசிக்க வேண்டுமா, என்னென்ன ஸ்கேல் (ஸ்வர வரிசை), சைட் ரீடிங் (முன்பின் பார்க்காத இசையைத் தாளில் பார்த்து அப்படியே வாசிப்பது) உண்டா, காதுப் பயிற்சித் தேர்வு உண்டா, முன்கூட்டியே வீடியோ அனுப்ப வேண்டுமா. எழுதிப் பார்த்தால்தான் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கும் ஒரே உருப்படிகள் போதும் என்பது தெரியவரும். அந்த நேரம் முழுவதும் மிச்சம்.

மேற்கத்திய செவ்வியல் பியானோவுக்குப் பெரும்பாலும் பாக் என்ற இசையமைப்பாளர் எழுதிய ஒரு ப்ரெலூடும் ஃபியூகும் (ஜோடியாக வரும் இரண்டு சிறு உருப்படிகள்), ஒரு செவ்வியல் கால சொனாட்டாவிலிருந்து வேகமான ஒரு பகுதி, அதற்குப் பிந்தைய காலத்து உருப்படி ஒன்று என்று கேட்பார்கள். வயலினுக்கு ஒரு கான்செர்டோவின் (இசைக்குழுவோடு தனி வாத்தியம் வாசிக்கும் உருப்படி) முதல் பகுதியும், துணையில்லாமல் தனியாக வாசிக்கும் பாக் உருப்படி ஒன்றும், மூன்று ஆக்டேவ் (ஸ்தாயி) ஸ்கேல்களும் வழக்கம். பாடகர்கள் இரண்டு மொழிகளிலாவது பாட வேண்டியிருக்கும். ஜாஸ் பிரிவு என்றால் பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) கொண்ட ப்ளூஸ் அமைப்பின் மீது அந்த இடத்திலேயே கற்பனை செய்து வாசிக்கச் சொல்வது சாதாரணம்.

2. உருப்படிகளைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தங்கள் கைக்கு இன்னும் எட்டாத பெரிய உருப்படியைப் பிடித்துக்கொள்கிறார்கள், அதை வாசித்தால் தேர்வுக்குழு அசந்துவிடும் என்று. கடினமான உருப்படியில் திணறும் மாணவரைவிட, எளிமையான உருப்படியைச் சுருதி சுத்தமாக, தாளம் பிசகாமல், சொற்றொடர் சொற்றொடராக மூச்சுவிட்டு வாசிப்பவருக்கு அதிகம் கற்றுக்கொடுக்க முடியும். ஆசிரியர்கள் தேடுவதும் அதைத்தான்.

நான் சொல்லும் அளவுகோல் இது. ஆடிஷனுக்கு மூன்று மாதம் முன்பு அந்த உருப்படியைக் கடைசிவரை நிற்காமல், கொஞ்சம் மெதுவாகவாவது வாசிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். மனசு கேட்காது. இருந்தாலும் மாற்றுங்கள்.

உருப்படிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கட்டும். ஒன்று விறுவிறுப்பு என்றால் மற்றொன்று பாடுவது போல நிதானமாக. விரல் வேகத்தைக் காட்டும் இரண்டு உருப்படிகள் சேர்ந்தாலும் உங்களைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் சொல்லும்.

3. தினமும் ஒரு குளிர்ந்த வாசிப்பு

இந்தப் பதிவிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடிஷனுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தொடங்குங்கள். தினமும் வாத்தியத்தை எடுத்தவுடன், சூடேற்றும் பயிற்சி எதுவும் செய்யாமல், ஒரு உருப்படியை ஒரே ஒரு முறை வாசியுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். தவறு வந்தாலும் நிற்கக் கூடாது, திரும்பிப் போய்ச் சரிசெய்யக் கூடாது. முடிந்ததும் கேட்டுப் பார்த்து, எங்கே உடைந்தது என்று ஸ்கோரில் (இசை எழுதிய தாளில்) பென்சிலால் குறித்துவிடுங்கள். அன்றைய சாதகம் அந்தக் குறிப்புகளில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் வாரம் மனம் வலிக்கும். நீங்கள் நினைத்ததைவிட மோசமாக இருக்கும். ஆனால் பத்தாவது நாள் திரும்பிப் பார்த்தால், உடையும் இடங்கள் எப்போதும் அதே மூன்று நான்கு இடங்கள்தான் என்பது புரியும். அந்த இடங்களைத் தனியாக எடுத்து, மெட்ரோனோமை (தாளத்தைத் தட்டிக் காட்டும் கருவி) சரிபாதி வேகத்தில் வைத்துத் தொடங்கி, நான்கு நான்கு புள்ளியாக ஏற்றுங்கள். மூன்று முறை தொடர்ந்து சுத்தமாக வந்தால் மட்டுமே ஏற்ற வேண்டும்.

கடைசி மாதத்தில் இதையே கொஞ்சம் கடினமாக்கலாம். மாடிப்படி ஏறி இறங்கி, நெஞ்சு படபடக்கும்போது உட்கார்ந்து வாசியுங்கள். பதற்றத்தில் உடம்பு எப்படி இருக்கும் என்பதற்கு இது நல்ல ஒத்திகை. மூச்சு வாங்கும்போது நாம் நினைக்கும் வேகமும் உண்மையில் வாசிக்கும் வேகமும் வேறு வேறு. பதற்றத்தில் வழக்கமான வேகமே மெதுவாகத் தோன்றும், அதனால் எல்லோரும் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு மருந்து உண்டு. வாசிக்கத் தொடங்கும் முன் உருப்படியின் முதல் வரியை மனதில் பாடாதீர்கள். மிகக் கடினமான இடத்தைப் பாடுங்கள். அந்த இடம் எந்த வேகத்தில் நிம்மதியாக வருமோ, அந்த வேகத்தில் தொடங்குங்கள்.

4. மனப்பாடம் எங்கிருந்தும் தொடங்க வேண்டும்

விரல் நினைவை மட்டும் நம்பினால், ஒரு இடத்தில் அறுந்ததும் முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியிருக்காது. உருப்படியில் ஏழெட்டு இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் நேரடியாகத் தொடங்கிப் பழகுங்கள். கடைசி இடத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வந்தால் முடிவுப் பகுதி எப்போதும் உறுதியாக இருக்கும். தேர்வுக்குழு இடையில் நிறுத்தி "இரண்டாவது பக்கத்திலிருந்து வாசியுங்கள்" என்று சொன்னாலும் திகைக்க வேண்டியதில்லை. நடுவில் நிறுத்துவது நேரத்துக்காக. நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று அர்த்தம் இல்லை.

5. சைட் ரீடிங்கும் காதும்

சைட் ரீடிங்கில் பார்த்துக்கொள்ள அரை நிமிடம், ஒரு நிமிடம் கொடுப்பார்கள். அதை வீணாக்காதீர்கள். எத்தனை ஷார்ப் (ஸ்வரத்தை ஏற்றும் குறி), எத்தனை ஃப்ளாட் (இறக்கும் குறி), ஸ்கேல் மேஜர் வகையா மைனர் வகையா, தாளக் கணக்கு என்ன, அப்புறம் நெருக்கமாக ஸ்வரங்கள் குவிந்திருக்கும் பார் எது. அந்தப் பாரை வைத்து வேகத்தை முடிவு செய்யுங்கள். தொடங்கியபின் ஒரே சட்டம்தான்: தாளம் நிற்கக் கூடாது. ஸ்வரம் தவறினால் தவறட்டும், அடுத்த அடியில் சேர்ந்துகொள்ளுங்கள். தினமும் பத்து நிமிடம், இதுவரை பார்க்காத, உங்கள் நிலையைவிட எளிதான ஸ்கோர்களை வாசித்தாலே இது வரும்.

காதுப் பயிற்சிக்கு வாத்தியத்தை மூடிவைத்துவிட்டுப் பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு ஸ்வரம் கொடுத்தால் அதிலிருந்து மூன்றாவது, ஐந்தாவது, எட்டாவது ஸ்வரத்தைப் பாட வேண்டும். இரண்டு பார் தாளத்தைக் கேட்டுக் கை தட்டிக் காட்ட வேண்டும்.

6. துணை வாசிப்பவர், வீடியோ, வாத்தியம்

பியானோவில் உங்களுக்குத் துணை வாசிப்பவருக்கு ஸ்கோர் நகலை ஒரு மாதம் முன்பே கொடுங்கள். எங்கே மூச்சு விடுவீர்கள், எங்கே தாமதிப்பீர்கள் என்று குறித்துக் கொடுங்கள். இரண்டு ஒத்திகையாவது வேண்டும். புதியவரோடு வாசிக்க நேர்ந்தால், முதல் இரண்டு பாரை மெதுவாகப் பாடிக் காட்டி வேகத்தைச் சொல்லுங்கள். "கொஞ்சம் வேகமாக" என்று வாயால் சொல்வது பயன்படாது.

வீடியோ கேட்டிருந்தால், வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். மின்விசிறி, ஏசி சத்தம் இல்லாத அறை. உருப்படியில் மிகச் சத்தமாக வரும் இடத்தை முதலில் வாசித்துப் பார்த்து ஒலி கரகரக்கிறதா என்று சோதியுங்கள். குளிர்ந்த வாசிப்பு பழகியவர்களுக்கு இந்த வீடியோ சீக்கிரம் முடிந்துவிடும்.

புதுத் தந்தி நீளும், சுருதி இறங்கும். அதனால் தந்தி மாற்றுவதென்றால் ஒரு வாரத்துக்கு முன்பே. ரீட் (ஊதும்போது அதிரும் சீவாளி போன்ற துண்டு) உள்ள வாத்தியங்களுக்கும் அதே கதைதான், பழகிய ரீட் இரண்டு மூன்று கையில் இருக்கட்டும்.

7. அன்றைய நாள்

கையை அசைக்க வசதியான, சுத்தமான உடை போதும். பாடுபவர்கள் முந்தைய நாள் கத்திப் பேசாமல் இருப்பது நல்லது. காத்திருக்கும் இடத்தில் மற்றவர்கள் வேகமாக வாசிப்பது காதில் விழும். உங்கள் உருப்படியை முழுதாக வாசிக்காதீர்கள், மெதுவான ஸ்கேல் மட்டும் போதும். அந்த முதல் வாசிப்பு அறைக்குள் நடக்கட்டும்.

உள்ளே போனதும் அவசரப்படாதீர்கள். இருக்கையைச் சரிசெய்யுங்கள், சுருதி சேருங்கள், கடினமான இடத்தை மனதில் பாடுங்கள், பிறகு தொடங்குங்கள். அந்தப் பத்து வினாடியை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாசித்தபின் கேள்விகள் இருக்கலாம். நீங்கள் வாசித்த உருப்படி எந்தக் காலத்தது, எந்தக் கலைஞரின் பதிவைக் கேட்டீர்கள், ஏன் இந்தக் கல்லூரி. மனதில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தெரியாததை யூகித்துச் சொல்ல வேண்டாம்.

வெளியே வந்ததும், வீட்டுக்குப் போகும் முன்னாலேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: எந்த ஸ்கேல் கேட்டார்கள், எங்கே நிறுத்தினார்கள், சைட் ரீடிங் எந்த நிலையில் இருந்தது. அடுத்த கல்லூரியின் ஆடிஷன் இரண்டு வாரத்தில் இருக்கலாம். மறுநாள் காலைக் குளிர்ந்த வாசிப்புக்கு அந்தத் தாளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.