பழைய டெஸ்க்டொப்பில் வின்டோஸோடு லினக்ஸ்: மலையகத்து வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வின்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. வின்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் ப்ரொசெசர் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். ஹட்டன், நாவலப்பிட்டி, பண்டாரவளைப் பக்கத்து வீடுகளில் கண்டியிலோ கொழும்பிலோ செகண்ட் ஹேண்டாக வாங்கிய நான்காம், ஆறாம் தலைமுறைப் பெட்டிகள் இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. அவற்றைத் தூக்கிப் போடத் தேவையில்லை. வின்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் என்ற இலவசப் பணிசெயல் முறைமையின் வகைகளான மின்டையோ உபுண்டுவையோ போடலாம். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே கணினி. அக்காவின் வேலை விண்ணப்பம், தம்பியின் சாதாரண தரப் பாடக்குறிப்பு, வெளிநாட்டில் வேலை செய்யும் அம்மா அனுப்பிய படங்கள் எல்லாம் அதில்தான் கிடக்கும். அதனால் இரண்டாவது பணிசெயல் முறைமையைப் போடும் வேலையை விளையாட்டாக எடுக்கக்கூடாது. கோளாறுகளில் பெரும்பாலானவை இன்ஸ்டோலர் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன.

படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ வேறொரு பென்ட்ரைவிலோ பிரதி எடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அடுத்ததாக, இருக்கிற வின்டோஸ் எந்த முறையில் பூட் ஆகிறது, அதாவது தொடங்குகிறது, என்று பாருங்கள். வின்டோஸ் தேடலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தட்டித் திறந்தால் பயோஸ் மோட் என்றொரு வரி இருக்கும் (பயோஸ் என்பது கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்). அதில் லெகசி (பழைய முறை) அல்லது யூஈஎஃப்ஐ (புதிய முறை) என்று போட்டிருக்கும். லினக்ஸ் இன்ஸ்டோலரை எழுதிய பென்ட்ரைவையும் அதே முறையில்தான் பூட் செய்ய வேண்டும். பல கணினிகளின் பூட் மெனுவில் ஒரே பென்ட்ரைவ் இரண்டு முறை தெரியும். ஒன்றின் முன்னால் யூஈஎஃப்ஐ என்று இருக்கும். அவசரத்தில் மாற்றித் தெரிவு செய்தால் லினக்ஸ் ஒழுங்காகவே இறங்கும், ஆனால் எந்த முறைமையைத் திறப்பது என்று கேட்கும் க்ரப் மெனுவிலிருந்து வின்டோஸைத் திறக்க முடியாது. வின்டோஸ் அழிந்துபோய்விட்டது என்று பயந்து எல்லாவற்றையும் போர்மட் செய்பவர்கள் உண்டு. அழிந்திருக்காது. இரண்டும் வெவ்வேறு முறையில் இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றதை எழுப்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

லெகசி முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த டிஸ்க் வழக்கமாக எம்பிஆர் எனும் பழைய வகையில் பார்ட்டிஷன்களாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருக்கும். அதில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் போட முடியாது. ஏற்கெனவே நான்கு இருந்தால், எவ்வளவு வெற்றிடம் இருந்தாலும் இன்ஸ்டோலர் அதைப் பயன்படுத்தாது.

இனி கரண்ட். லெப்டொப்பை மனதில் வைத்து எழுதிய வழிகாட்டிகள் இதைப் பற்றிப் பேசுவதில்லை, ஏனென்றால் அதில் பேட்டரி இருக்கிறது. டெஸ்க்டொப்பில் கரண்ட் போனால் அந்த நொடியே எல்லாம் நிற்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மஸ்கெலியா, நோர்வூட், கினிகத்தேனைப் பக்கம் மரம் விழுந்து லைன் அறுவது நமக்குப் புதிதல்ல. ஒக்டோபர், நவம்பரிலும் மார்ச், ஏப்ரலிலும் பிற்பகலானால் இடி மின்னல். பதுளை, பசறைப் பக்கத்துக்கு மழை வடகீழ்ப் பருவத்தில் வரும். லினக்ஸுக்கு இடம் ஒதுக்க வின்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்கும்போது டிஸ்க்கின் பின்பகுதியில் இருக்கும் கோப்புகள் முன்னால் நகர்த்தப்படுகின்றன. அந்த நேரத்தில் கரண்ட் போனால் பாதி இங்கே, பாதி அங்கே என்று ஆகிவிடலாம்.

ஆகவே வானம் வெளித்த ஒரு காலையில் இந்த வேலையை வையுங்கள். சுருக்குவதை வின்டோஸின் டிஸ்க் மெனேஜ்மன்ட்டிலேயே செய்யுங்கள். அது ஓரளவுக்கு மேல் சுருக்க விடாது, நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் நிற்கும். இடம் போதாது என்று ஜிபார்ட்டட் என்ற லினக்ஸ் பார்ட்டிஷன் கருவியைத் திறந்து வின்டோஸ் பார்ட்டிஷனின் இடப்பக்க விளிம்பை மட்டும் இழுத்துவிடாதீர்கள். அப்படி இழுத்தால் அதிலுள்ள தரவு முழுவதையும் இடம்பெயர்க்க வேண்டிவரும், மணிக்கணக்கில் ஓடும், நடுவில் நின்றால் மீட்பது மிகக் கடினம். யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதன் பேட்டரி வேலை செய்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். கணினியைக் கழற்றிவிட்டு ஒரு மேசை விளக்கைச் செருகி, சுவர் சுவிட்சை நிறுத்தினால் தெரிந்துவிடும். விளக்கையே தாங்காத யூபிஎஸ் கணினியைத் தாங்காது.

மின்னலோடு சேர்ந்து வரும் இன்னொரு கோளாறை நம் ஊர்களில் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இடிக்குப் பயந்து ஒவ்வொரு நாளும் ப்ளக்கைக் கழற்றி வைக்கிறோம், அது சரியான பழக்கம். ஆனால் சுவர் மின்சாரம் இல்லாதபோது பயோஸின் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் சிறிய வட்ட பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032. பழைய பெட்டிகளில் அது தீர்ந்துபோயிருக்கும். தீர்ந்திருந்தால் ப்ளக்கைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பயோஸ் தன் ஆரம்ப அமைப்புக்குத் திரும்பலாம். நீங்கள் மாற்றி வைத்த பூட் முறை, பூட் வரிசை, சாட்டா முறை (கணினி டிஸ்க்கோடு பேசும் விதம்) எல்லாம் போகும். நேற்று நன்றாக ஓடிய லினக்ஸ் இன்று காலையில் காணவில்லை என்று புலம்புவதற்கு முன் திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் குற்றவாளி பேட்டரிதான். திகதி பிழைத்தால் இணையத்தளங்கள் சான்றிதழ் பிழை காட்டும், லினக்ஸ் அப்டேட்டும் மறுக்கும். பேட்டரி மலிவானது, எந்த டவுனிலும் கிடைக்கும். லினக்ஸ் போடுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

நேரம் சரியாக ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கினால் அது வேறு விஷயம். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும், வின்டோஸ் அதை இலங்கை நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இரவு எட்டு மணிக்கு வின்டோஸ் பிற்பகல் இரண்டரை என்று காட்டும். லினக்ஸை உள்ளூர் நேரம் வைக்கச் சொல்லி ஒரே கட்டளையில் சரிப்படுத்தலாம்.

வின்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்காமல் விடுவதும் அடிக்கடி நடப்பது. ஷட் டவுன் கொடுத்தாலும் வின்டோஸ் முழுதாக மூடப்படுவதில்லை. கணக்குக் கொப்பியை மூடாமல் மேசையில் வைத்துவிட்டுப் போவது போல, பாதித் தகவலை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி ட்ரைவில் எழுதினால் கோப்புகள் பழுதாகலாம். கண்ட்ரோல் பேனலின் பவர் ஒப்ஷன்ஸில் இதை நிறுத்திவிடுங்கள். புதிய பெட்டியில் பிட்லொக்கர் என்ற டிஸ்க் பூட்டு இயங்கினால், பயோஸில் எதையும் தொடுவதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

இன்ஸ்டோலர் டிஸ்க்கையே காட்டவில்லையா? பயோஸில் சாட்டா முறை ரெயிட் என்ற தெரிவில் இருக்கலாம். உடனே ஏஎச்சிஐ என்ற மற்றத் தெரிவுக்கு மாற்றினால் வின்டோஸ் நீலத்திரையில் நிற்கும். முதலில் வின்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்து, பிறகு பயோஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்து, அப்புறம் வழமைக்குத் திரும்ப வேண்டும்.

உண்மையில் டெஸ்க்டொப் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது, ஒரே டிஸ்க்கைப் பங்கு போடாதீர்கள் என்றுதான். 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று லினக்ஸுக்குத் தாராளம். ப்ளக்கைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, வின்டோஸ் டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு, புதிய எஸ்எஸ்டியில் மட்டும் லினக்ஸைப் போடுங்கள். முடிந்ததும் கேபிளை மாட்டுங்கள். எஃப்12 போன்ற பூட் மெனு விசையை அழுத்தி வேண்டியதைத் தெரிவு செய்யலாம். டிஸ்க் முழுவதையும் அழிக்கும் தெரிவைத் தவறி அழுத்தினாலும் வின்டோஸுக்கு எதுவும் ஆகாது. இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது இன்ஸ்டோல் செய்தால், பூட் கோப்புகள் வின்டோஸ் டிஸ்க்கிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும் ஆபத்தும் உண்டு. ஒரே டிஸ்க்தான் என்பவர்கள், வின்டோஸின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை (பூட் கோப்புகள் இருக்கும் சிறு பகுதி) பயன்படுத்தலாம், ஆனால் போர்மட் பெட்டியில் குறி விழுந்திருக்கவே கூடாது.

ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது இறக்கிப் பென்ட்ரைவில் எழுதும் லினக்ஸ் கோப்பு, பற்றியும் ஒன்று. உபுண்டு 24.04 ஏறத்தாழ 6 ஜிபி, மின்ட் 22 அதில் பாதியளவு. சிக்னல் வந்து போகும் தோட்டங்களில் இரவு நேர டேட்டாவில் இறக்குபவர்கள் கோப்பு பழுதின்றி இறங்கியதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 குறியீட்டைச் சரிபார்க்காமல் எழுதிவிடுகிறார்கள். இன்ஸ்டோலர் பாதியில் நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். டெஸ்க்டொப்பின் வைஃபை டொங்கிள் லினக்ஸில் வேலை செய்யாவிட்டால், ஃபோனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டு (ஃபோனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து) ட்ரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்த பின்னும் மெனுவில் வின்டோஸ் வரவில்லையென்றால் திரும்பவும் இன்ஸ்டோல் செய்யாதீர்கள். பூட் மெனுவில் வின்டோஸ் பூட் மெனேஜர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வின்டோஸ் நலமாக இருக்கிறது. க்ரப் 2.06 இலிருந்து மற்ற முறைமைகளைத் தேடும் ஓஎஸ் ப்ரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. க்ரப் அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, மெனுவைப் புதுப்பித்தால் வின்டோஸ் வந்துவிடும். அதுவும் முடியாமல் டவுனில் கடைக்குக் கொண்டுபோனால், போர்மட் பண்ணித் தரவா என்று கேட்டதும் தலையாட்டிவிடாதீர்கள். உள்ளே இரண்டு முறைமை இருக்கிறது, பூட் லோடரை மட்டும் பாருங்கள், தரவைத் தொட வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிக் கொடுங்கள்.