மாற்றியமைத்த ஃபஸ் பெடல் வாய் திறக்கவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்டார் ஒலியைத் தடித்துச் சிதைக்கும் கால் பெடல்தான் ஃபஸ். 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ், இன்றும் பலர் கை வைத்து மாற்றும் ஃபஸ் சர்க்யூட். உள்ளே 2 டிரான்சிஸ்டர், 4 ரெசிஸ்டர், 3 கெபாசிட்டர், 2 பாட் (குமிழால் திருப்பும் மாறும் ரெசிஸ்டர்: ஃபஸ், வால்யூம்), அவ்வளவுதான். பாகங்கள் குறைவு என்பதாலேயே சத்தம் வராவிட்டால் உடனே டிரான்சிஸ்டரைக் கழற்றப் போகிறோம். முதல் தவறு அதுதான். டிரான்சிஸ்டர் சரியில்லை என்றால் பெரும்பாலும் ஒலி கரகரக்கும், நோட்டு பாதியில் அறுந்துபோகும். முழு மௌனம் என்றால், மாற்றம் செய்தபோது எந்த வயர், ஜாக், சுவிட்சைத் தொட்டீர்களோ அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

மூடியைத் திறக்கும் முன் பெடலை ஆஃப் செய்து கிட்டாரை வாசியுங்கள். ஆஃப் நிலையிலும் சத்தம் இல்லையென்றால் சர்க்யூட் போர்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேபிள், ஜாக், கால் சுவிட்ச் மூன்றில் ஒன்றுதான். ட்ரூ பைபாஸுக்காக (ஆஃப் நிலையில் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போவதற்காக) 9 கால் கொண்ட 3பிடிடி சுவிட்ச் போட்டவர்கள் அதை 90 டிகிரி திருப்பி வைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. சதுரமாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, நடுக்கால் எந்தப் பக்கத்துக் காலோடு சேர்கிறது என்று பார்த்துவிட்டு வயரைத் தொடுங்கள். ஒவ்வொரு காலிலும் சால்டரிங் அயர்ன் 2, 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. பிளாஸ்டிக் இளகிவிட்டால் உள்ளே தொடுப்பு விலகி, சுவிட்ச் 'டக்' என்று நன்றாகவே சொடுக்கும், சிக்னல் மட்டும் போகாது.

ஆஃப் நிலையில் சத்தம் வந்து, ஆன் செய்ததும் அடங்கினால் மின்சாரத்தைப் பாருங்கள். இந்த பெடல்களில் இன்புட் ஜாக் ஸ்டீரியோ வகை. பேட்டரியின் ஒரு முனை அதன் நடு வளையத்துக்குப் போகும். கிட்டார் கேபிளைச் செருகும்போதுதான் அந்த முனை கிரவுண்டோடு (சர்க்யூட்டின் பொது முனை) சேர்கிறது. பழைய ஜாக் ஆடுகிறது என்று சாதாரண மோனோ ஜாக்கை மாட்டினால் அந்த வயருக்குப் போக இடமே இல்லை. அதேபோல, கேபிள் செருகாமல் போர்டில் மீட்டரை வைத்துவிட்டு எங்கும் 0 வோல்ட் என்று பதறுபவர்களும் உண்டு. அளக்கும்போது கேபிள் செருகியே இருக்கட்டும்.

எல்இடி எரிந்தால் போர்டுக்கு மின்சாரம் வந்துவிட்டது என்று நம்பாதீர்கள். அது தனி வயரில் ஓடுகிறது.

அடாப்டர் ஜாக் சேர்த்தவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. டிரான்சிஸ்டரில் பிஎன்பி, என்பிஎன் என்று எதிரெதிர் துருவம் கொண்ட இரண்டு வகை உண்டு. ஏசி 128 போன்ற ஜெர்மானியம் பிஎன்பி டிரான்சிஸ்டர் உள்ள பெடலில் கிரவுண்ட் பாசிட்டிவ். அதை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோர்த்தால், பேட்ச் கேபிள் வழியாக பாசிட்டிவும் நெகட்டிவும் முட்டி ஷார்ட் ஆகும், பக்கத்து பெடல்களும் சேர்ந்து படுத்துவிடும். இதற்கு மற்ற பெடல்களோடு சேராத தனி மின் அவுட்புட் அல்லது பேட்டரிதான் வழி. என்பிஎன் பெடலிலும் ஆபத்து உண்டு. பெடல் அடாப்டர்களில் நடுமுனை நெகட்டிவ், வெளிவளையம் பாசிட்டிவ். உலோக உடல் கொண்ட டிசி ஜாக் போட்டால் அந்த பாசிட்டிவ் நேராகப் பெட்டியைத் தொடும். பிளாஸ்டிக் ஜாக் வாங்குங்கள்.

ஜெர்மானியத்தை எடுத்துவிட்டு சிலிக்கான் என்பிஎன் போட்டீர்களா? பேட்டரி முனைகளோடு 2.2, 22 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் (பாசிட்டிவ், நெகட்டிவ் பார்த்துப் போட வேண்டிய கெபாசிட்டர்) இரண்டையும் திருப்ப வேண்டும். இன்புட்டில் உள்ள 2.2-ன் பாசிட்டிவ் முனை டிரான்சிஸ்டரின் பேஸ் கால் பக்கம், ஃபஸ் பாட்டோடு சேரும் 22-ன் நெகட்டிவ் முனை கிரவுண்ட் பக்கம். கால் வரிசையையும் பழக்கத்தில் போடாதீர்கள். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் பிசி 547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அப்படியே செருகினால் பெருக்கம் செத்துவிடும்.

இப்போது வோல்டேஜ். கருப்பு முனை கிரவுண்டில், சிவப்பு முனை இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில். 9 வோல்ட் பேட்டரிக்கு 4.5 வோல்ட்டை ஒட்டி வந்தால் நல்லது. பிஎன்பி பெடலில் எண்ணுக்கு முன் மைனஸ் காட்டும், அது கோளாறு இல்லை. முழு 9 வோல்ட் இருந்தால் அந்த டிரான்சிஸ்டர் கடத்தவில்லை: ஃபஸ் பாட்டுக்குப் போகும் எமிட்டர் வயர் அறுந்திருக்கலாம். கலெக்டரும் எமிட்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால் முதல் டிரான்சிஸ்டர் தூங்குகிறது, அல்லது ரெசிஸ்டர் மாறியிருக்கிறது. 470 ஓம் மஞ்சள்-ஊதா-பழுப்பு; 470 கிலோ ஓம் மஞ்சள்-ஊதா-மஞ்சள். மங்கலான விளக்கில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். போடும் முன் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளப்பதே மேல். இரண்டாவது கலெக்டரோடு சேரும் 8.2 கிலோ ஓம் இடத்தில் 10 அல்லது 20 கிலோ ஓம் டிரிம்பாட் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் சிறு பாட்) வைத்தால் 4.5-க்குத் திருப்பிக்கொள்ளலாம்.

வோல்டேஜ் எல்லாம் சரி, சத்தம் மட்டும் இல்லையா? பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வீண் செலவு, பழைய போர்டில் செம்புத் தடமும் பிய்ந்துவிடும். பழைய கிட்டார் கேபிள் ஒன்றை வெட்டி, உள் வயரோடு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைச் சேருங்கள். வெளி வலையை பெடல் கிரவுண்டில் கிளிப் செய்து, மறுமுனையை ஆம்ப்ளிஃபயரில் செருகி, வால்யூமை மிகக் குறைவாக வையுங்கள். கிட்டாரை ஒருவர் மீட்ட, கெபாசிட்டரின் நுனியால் இன்புட் ஜாக், சுவிட்ச், 2.2 மைக்ரோஃபாரட், முதல் கலெக்டர், இரண்டாவது கலெக்டர், 470 ஓமும் 8.2 கிலோ ஓமும் சேரும் இடம், 0.01 மைக்ரோஃபாரட், வால்யூம் பாட் என்று வரிசையாகத் தொடுங்கள். முதல் பேஸில் ஒலி மெல்லியதாகவே இருக்கும், அங்கே ஏமாறாதீர்கள். அந்த 470 ஓம் சந்திப்பிலும் கலெக்டரைவிடப் பல மடங்கு குறையும், சர்க்யூட்டின் அமைப்பே அப்படி. எந்தப் புள்ளியில் ஒலி முற்றிலும் நிற்கிறதோ, அதற்கும் முந்தைய புள்ளிக்கும் இடையில்தான் கோளாறு. இந்த வேலை 9 வோல்ட் பெடலுக்கு மட்டும். வால்வ் ஆம்ப்ளிஃபயரின் உள்ளே இந்த நுனியைக் கொண்டுபோகவே கூடாது.

வால்யூம் பாட் வரை ஒலி வந்து அவுட்புட்டில் இல்லையென்றால், குமிழை எதிர்ப்பக்கம் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஓரக் கால்கள் இரண்டும் இடம் மாறியிருந்தால் முழு வால்யூம் என்று நீங்கள் நினைக்கும் இடம்தான் பூஜ்ஜியம். திறந்திருக்கும்போது பாடி, மூடியதும் அடங்கும் பெடலுக்கு வேறு சிகிச்சை: பாட்டின் முதுகு போர்டின் அடிப்பக்கத்தைத் தொடுகிறதா, அவுட்புட் ஜாக்கின் நுனித் தகடு பெட்டிச் சுவரில் இடிக்கிறதா என்று பாருங்கள். பாட்டின் முதுகுக்குத் தடித்த டேப், ஜாக்குக்கு அரைச் சுற்றுத் திருப்பு.