பிளீச் வைப்ஸ்: துடைத்துவிட்டு நாலு நிமிடம் சும்மா இருங்கள்

2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியபோது கடலூரின் ஆற்றோரத் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. அப்படி நுழைந்த வீட்டில் சேற்றை வாரிக் கொட்டியதும் அடுத்து வேண்டியது கிருமியைக் கொல்லும் பிளீச். அதே சரக்கு இப்போது டப்பாவில் ஈரத்துணியாகவும், அதாவது வைப்ஸாகவும், வருகிறது. இழுத்தோமா, துடைத்தோமா, போட்டோமா என்று சுலபமாகத் தெரியும். அந்தச் சுலபத்தில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

முதலில் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். 'டிஸ்இன்ஃபெக்டன்ட் வைப்ஸ்' என்று பெயர் போட்டதெல்லாம் பிளீச் இல்லை. சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருந்தால்தான் பிளீச். பென்சல்கோனியம் குளோரைடு என்றோ ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்றோ இருந்தால் அது வேறு மருந்து. பிளீச்சுக்கே பேர்போன கிளோராக்ஸ் கம்பெனியின் சாதாரண டிஸ்இன்ஃபெக்டிங் வைப்ஸில்கூட பிளீச் கிடையாது. தினப்படி மேசை துடைக்க இவை போதும். ஆனால் வீட்டில் ஒருவருக்கு வாந்தியும் பேதியும் வந்திருந்தால் கதை வேறு. அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய நோரோவைரஸ், ஆல்கஹாலுக்குச் சரியாக மசியாது, பிளீச்சுக்குத்தான் மசியும். குழந்தைக்குத் துடைக்கும் பேபி வைப்ஸ் இந்தக் கணக்கிலேயே வராது.

அடுத்தது அழுக்கு. ஃப்ரிட்ஜ் கைப்பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். மாவுக்கையோடு திறந்து திறந்து, உள்பக்கத்தில் இட்லிமாவு காய்ந்து ஒரு படலமாக ஒட்டியிருக்கும். அதன் மேல் நேராக பிளீச் வைப்பைத் தேய்த்தால், பிளீச்சில் உள்ள குளோரின் மாவோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். அடியில் இருக்கும் கிருமிக்கு மிச்சம் வராது. எண்ணெய், சேறு, ரத்தம், வாந்தி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மாவைத் தேய்த்து எடுங்கள், நல்ல தண்ணீரால் ஒரு முறை துடையுங்கள், ஈரத்தை ஒற்றி எடுங்கள். வைப் அதற்குப் பிறகுதான். வெள்ளச்சேறு படிந்த சுவரும் தரையும் என்றால் வைப்ஸை நினைக்கவே வேண்டாம். வாளித் தண்ணீரும் துடைப்பமும்தான் அங்கே முதல் வேலை.

இனி முக்கியமான விஷயம். டப்பாவில் 'கான்டாக்ட் டைம்' என்று 1 நிமிடம், 3 நிமிடம், 4 நிமிடம் என ஏதோ ஒன்று போட்டிருக்கும். அவ்வளவு நேரமும் அந்த இடம் கண்ணுக்குத் தெரிகிற ஈரத்தோடு பளபளவென்று இருக்க வேண்டும் என்று அர்த்தம். துடைத்த கையோடு காய்ந்த துணியால் துடைத்து எடுத்தால், மருந்தைக் குடிக்கும் முன்பே துப்பிய மாதிரி. நம்மூர் வெயிலுக்கு, மின்விசிறி ஓடும் அறையில் மெல்லிய ஈரம் நின்று பிடிக்காது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், விசிறியை நிறுத்துங்கள். நடுவில் காய்ந்தால் இன்னொரு வைப் எடுத்து மறுபடி நனைத்துவிடுங்கள். குளோரின் வாடை மூக்கில் ஏறிவிட்டதே, கிருமி செத்திருக்கும் என்ற கணக்கு தப்பு. வாடை அறை முழுக்க வரும். ஈரம் பட்ட இடத்தில்தான் வேலை நடக்கும்.

கையில் ரப்பர் கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள். வைப்பை நாலாக மடித்தால் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பயன்படுத்தலாம். வட்டமாகத் தேய்த்தால் எடுத்த அழுக்கை அங்கேயே திரும்பப் பூசுவீர்கள். ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை வளைந்து வளைந்து இறங்குங்கள். குறைவாகத் தொட்ட இடம் முதலில், கதவுத் தாழ்ப்பாளும் குழாய்த்திருகும் அடுத்து, கழிப்பறை கடைசி. கழிப்பறையில் பட்ட வைப் வேறெங்கும் போகக் கூடாது. வைப் தடவிய இடம் பளபளக்கவில்லை என்றால் அது தீர்ந்துவிட்டது. சிக்கனம் பார்த்து ஒரே வைப்பில் ஹாலையும் சமையலறையையும் முடிப்பது, ஒரு அறைக் கிருமியை இன்னொரு அறைக்குச் சுமந்து போவதுதான்.

நேரம் முடிந்ததும் சாப்பாடு படும் மேடை, குழந்தை வாயில் வைக்கும் பொம்மை இரண்டையும் நல்ல தண்ணீரால் அலச வேண்டும். மற்ற இடங்களில் காய்ந்தபின் வெள்ளையாகப் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். பிளீச் விட்டுச்செல்லும் உப்பு அது. ஈரத்துணியால் ஒரு இழுப்பு போதும்.

எதில் படக் கூடாது? குத்துவிளக்கு, அலுமினியப் பாத்திரம், பாலிஷ் போட்ட மார்பிள், சாயத்துணி, தேக்குக் கதவு. எவர்சில்வர் சிங்க்கில் பட்டால் நேரம் முடிந்ததும் கழுவிவிடுங்கள், விட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும். கடலூர்க் கடற்கரையில், தேவனாம்பட்டினம் பக்கம், உப்புக்காற்றே இரும்பைத் தின்கிறது. பிளீச்சும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். செல்போனுக்கு ஆல்கஹால் வைப். சுவிட்ச் போர்டை மெயினை அணைத்துவிட்டு, பிழிந்த துணியால் மட்டும். உடம்பில், கையில், கண்டிப்பாகத் துடைக்கக் கூடாது.

உயிருக்கே உலை வைக்கும் தப்பு ஒன்று உண்டு. பாத்ரூம் மூலையில் ஆசிட் பாட்டில் இருக்கும், பக்கத்திலேயே பிளீச். கடையில் விற்கும் பல டாய்லெட் கிளீனரிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். கறை போக ஆசிட் ஊற்றி, கிருமி போக மேலே பிளீச்சும் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்தால் நுரையீரல் புண்ணாகும். வினிகர், எலுமிச்சைச் சாறும் அமிலம்தான். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற இன்னொரு விஷவாயு வரும். ஃபினாயில் உள்பட எதையுமே பிளீச்சோடு கூட்டுச்சேர்க்க வேண்டாம்; ஒரு நாள் அது, இன்னொரு நாள் இது. தெரியாமல் கலந்துவிட்டால் குனிந்து தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மூச்சை அடக்கி வெளியே வாருங்கள், கதவு திறந்தே இருக்கட்டும். இருமலோ மூச்சுத்திணறலோ நிற்கவில்லை என்றால் 108.

வைப்ஸ் கிடைக்காவிட்டால், அல்லது அந்த விலை கொடுக்க மனசில்லாவிட்டால் (நியாயம்தான்), வீட்டிலேயே கரைசல் போடலாம். பாட்டிலில் 4 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருந்தால் 25 மி.லி., அதாவது 5 டீஸ்பூன், எடுத்து மொத்தம் 1 லிட்டர் வருமாறு குளிர்ந்த தண்ணீர் சேருங்கள். இது 0.1 சதவீதக் கரைசல். 5 சதவீதச் சரக்கு என்றால் 20 மி.லி. போதும். வெந்நீர் கூடாது, குளோரின் பறந்துவிடும். பிளீச்சிங் பவுடர் என்றால், 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் உள்ள புதுப் பவுடரில் 3 முதல் 4 கிராம், ஏறத்தாழ தலைதட்டிய ஒரு டீஸ்பூன், ஒரு லிட்டருக்கு. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து அரை மணி நேரம் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள். அடியில் நிற்பது சுண்ணாம்பு. இரண்டில் எந்தக் கரைசலானாலும் தடவி 10 நிமிடம் ஈரம் நிற்கட்டும்.

வாந்தி, பேதி, ரத்தம் பட்ட இடத்துக்கு இது போதாது. முதலில் பழைய பேப்பரால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டுங்கள், சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள், பிறகு 4 சதவீத பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஏழு பங்கு என்று கலந்து ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். வாந்தி தெறித்திருக்கும் தூரம் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம். சுற்றிலும் தாராளமாகத் துடையுங்கள்.

பருத்தித்துணியை இந்தக் கரைசலில் ஊறவைத்து டப்பாவில் அடைத்து 'வீட்டு வைப்ஸ்' செய்யும் யோசனை பலருக்கு வரும். அது வேலைக்காகாது. பருத்தியே குளோரினைத் தின்றுவிடும். கம்பெனி வைப்ஸ் பாலியெஸ்டர் மாதிரியான செயற்கை இழையில் இருப்பது அதனால்தான். தண்ணீர் கலந்த பிளீச்சும் ஒரு நாளுக்கு மேல் நம்பத்தக்கதல்ல. வேண்டியதை அன்றன்று கலந்துகொள்ளுங்கள், மிச்சத்தைச் சாயங்காலமே நிறையத் தண்ணீர் விட்டுக் கொட்டிவிடுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, வாயைக் கொப்பளிக்கச் செய்து நேரே ஆஸ்பத்திரி. கண்ணில் தெறித்தால் குழாயடியில் 15 முதல் 20 நிமிடம் கழுவியபடியே இருக்க வேண்டும்.

வாங்கும்போது தயாரித்த தேதி முக்கியம். வெயிலும் சூடும் பிளீச்சைச் சத்தில்லாமல் செய்துவிடும்; மொட்டைமாடித் தகரக் கொட்டகை அதற்கு இடமில்லை. பவுடர் ஈரக்காற்று பட்டுக் கட்டிதட்டி, வாடையும் செத்திருந்தால் தூக்கிப் போடுங்கள். வைப்ஸ் டப்பாவின் மூடி சரியாகச் சாத்தாவிட்டால் மேலே இருக்கும் துணி காய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றி நனைத்தால் மருந்து நீர்த்துப்போகும். மூடியை இறுக்கி டப்பாவைச் சிறிது நேரம் தலைகீழாக நிறுத்தினால் அடியில் நிற்கும் திரவம் மேலே வரும்.

பயன்படுத்திய வைப்பைக் கழிப்பறைக் கோப்பையில் போட்டு ஃப்ளஷ் செய்யாதீர்கள். அது மக்காத துணி, செப்டிக் டேங்க் குழாயின் வளைவில் போய் உட்காரும். குப்பைப் பையில் கட்டிப் போட்டு, கிளவுஸைக் கழற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.