சாக்கை நான்தான் குத்திப் பார்ப்பேன்: முதல் பணம் தேடி வருகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப்பக்கம் இருபத்து நான்கு வருடம் அண்டி ஆபீஸ் நடத்தியவன் நான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அண்டி என்றால் முந்திரிக்கொட்டை. அதை உடைத்துப் பருப்பு எடுக்கும் ஆலைக்கு எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்றுதான் பெயர். ஆபீஸைக் கைமாற்றிவிட்ட பிறகு, கல்ஃபிலிருந்து திரும்பிய இரண்டு நண்பர்கள், மார்த்தாண்டத்தில் இருக்கும் ஒரு பல் டாக்டர், நான் என்று நான்கு பேர் சேர்ந்து ஸ்டார்ட்அப்களில் பணம் போடுகிறோம். ஒரு கம்பெனிக்கு எல்லாரும் சேர்ந்து 10 முதல் 25 லட்சம் வரை. இதுவரை ஏழு கம்பெனி. இரண்டை மூடிவிட்டார்கள், ஒன்று போட்ட பணத்தை மட்டும் திருப்பித் தந்தது, நான்கு ஓடிக்கொண்டிருக்கின்றன. பெரிய ஆள் இல்லை நான். ஆனால் உங்களுக்கு முதல் பணம் போடப்போவதும் பெரும்பாலும் என்னைப் போன்ற ஒருவர்தான். அதனால் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன தெரிகிறது என்று சொல்கிறேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டிலிருந்து முந்திரிக்கொட்டை வந்து இறங்கினால், விற்கிறவர் ஒரு கிண்ணத்தில் சாம்பிள் நீட்டுவார். எல்லாம் திரண்ட, பளபளப்பான கொட்டை. அதை நான் வாங்கி ஓரமாக வைத்துவிடுவேன். குத்தூசியை எடுத்து, அடியில் கிடக்கும் சாக்கு, நடுச்சாக்கு, சுவரோரம் ஈரம் பட்ட சாக்கு என்று நானே குத்தி எடுத்து ஒரு கிலோ சேர்ப்பேன். ஏறக்குறைய 200 கொட்டை வரும். ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி நல்லது, புள்ளி விழுந்தது, சுருங்கியது, வெறுங்கூடு என்று பிரிக்கணும். புள்ளி விழுந்ததற்குப் பாதி எடைதான் கணக்கு. கடைசியில் 270 கிராம் பருப்பு நின்றால், 80 கிலோ சாக்குக்கு நாற்பத்தேழரை பவுண்டு பருப்பு. இந்தக் கணக்குக்கு அவுட்டர்ன் என்று பெயர். இதில் இரண்டு பவுண்டு குறைந்தால் ஒரு கண்டெய்னருக்கு லட்ச ரூபாய்க்கு மேல் போச்சு.

ஸ்டார்ட்அப்பையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். பணம் கேட்டு வரும்போது நீங்கள் காட்டும் ஸ்லைடுகள், அதாவது பிட்ச் டெக், அந்தக் கிண்ணம். அழகாக இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் சாக்கைக் குத்த விடுவீர்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். கம்பெனியில் பங்கு கொடுத்து வாங்கும் இந்த வகைப் பணம் உங்களுக்கு வேண்டுமா?

நாகர்கோவிலில் நேந்திரன் சிப்ஸ் கடை வைத்து மாதம் இரண்டு லட்சம் மிச்சம் பிடிக்கிறவர் எனக்குத் தெரியும். அருமையான தொழில். அவர் என்னிடம் பணம் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன், அவரும் வாங்கக் கூடாது. நாங்கள் பத்துக் கம்பெனியில் போட்டால் ஆறேழு போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் போடுகிறோம். மிஞ்சுகிற ஒன்றிரண்டு பத்து மடங்கு, இருபது மடங்கு ஆனால்தான் எங்கள் கணக்கு நேராகும். அதனால் வருடம் இருபது சதவீதம் நிதானமாக வளரும் தொழிலில் ஏறி உட்கார்ந்தால், நாங்கள் அவசரப்படுத்துவோம், நீங்கள் எரிச்சல்படுவீர்கள். அப்படிப்பட்ட தொழிலுக்கு வங்கிக் கடன் போதும். புதுப்பொருள் ஒன்றைச் செய்து பார்க்க மட்டும் பணம் வேண்டுமென்றால், தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு நடத்தும் டான்சீட் திட்டத்துக்கு முதலில் எழுதிப் போடுங்கள். 10 லட்சம் வரை உண்டு; பெண்கள் நடத்தும் கம்பெனி என்றால் 15 லட்சம் வரை. அதற்காக நீங்கள் எழுதுகிற விண்ணப்பம் எங்களிடம் பேசவும் பயன்படும்.

சரி, வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம்.

வருகிறவர்களில் பாதிப்பேரின் நான்காவது ஸ்லைடில் 140 கோடி மக்கள் இருப்பார்கள். 'அதில் ஒரு சதவீதம் கிடைத்தால் போதும் அண்ணாச்சி.' எனக்கு அந்த ஸ்லைடு வந்ததும் வெளியே டீ சொல்லத் தோன்றும். அதற்கு மாறாக, ஒரு பையன் ரப்பர் பால்வெட்டுக்கு ஆள் பிடித்துத் தரும் செயலியோடு வந்தான். குலசேகரம், அருமனை பக்கம் சின்னத் தோட்டக்காரர்கள் 61 பேரை நேரில் பார்த்திருக்கிறான். 38 பேருக்கு வெட்டு ஆள் ஒழுங்காக வருவதில்லை. 11 பேர் மாதம் 500 ரூபாய் தரச் சம்மதித்திருக்கிறார்கள். 6 பேர் தந்தேவிட்டார்கள். ஒரு பழைய நோட்டில் பேர், ஊர், மரம் எத்தனை என்று எழுதி வைத்திருந்தான், ஸ்லைடே இல்லை. சந்தை என்றால் அந்த நோட்டுதான். 'தருவேன்' என்ற 11-ஐ விட 'தந்தேன்' என்ற 6 எனக்குப் பெரிய எண். ஆனாலும் நாங்கள் போடவில்லை. மழைக்காலத்தில் வெட்டு நின்றால் அவனுக்கு வரும்படியும் நின்றுவிடுகிறது. தோட்டக்காரர்கள் எல்லாருமே சேர்ந்தால்கூட எங்களுக்கு வேண்டிய அளவு வளராது என்று பட்டது. அதை அவனிடமே சொன்னோம்.

அப்புறம் வாடிக்கையாளர் பட்டியல் கேட்பேன். நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்று பேரோடு நான் பேச மாட்டேன். பட்டியலில் நான் விரல் வைக்கும் மூன்று பேர். அவர்களிடம் 'நல்லா இருக்கா?' என்று கேட்பதில்லை, எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். 'கடைசியா எப்ப வாங்கினீங்க? இது இல்லாம இருந்தா என்ன பண்ணுவீங்க?' என்றுதான் கேட்பேன். 'முன்ன மாதிரியே பண்ணுவேன், என்ன இப்போ' என்று மூன்று பேரும் சொன்னால் அன்றோடு முடிந்தது. நீங்கள் என்னிடம் வருவதற்கு முன்னால் இந்தக் கேள்வியை நீங்களே கேட்டுவிடுங்கள்.

கணக்கு விஷயத்தை ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் விளங்கும். முட்டம் பக்கத்துப் பெண் ஒருவர், ஆன்லைனில் கருவாடு விற்கிறவர். சுத்தம் செய்து, வெற்றிடப் பையில் அடைத்த நெத்திலிக் கருவாடு, 200 கிராம், வரி நீங்கலாக 180 ரூபாய். என்ன மிஞ்சுகிறது என்று கேட்டேன். லேப்டாப்பைத் திறக்காமல் என் மேசையிலிருந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதினார். கருவாடு 80. தலை, தூள், மணல் என்று கழிவு 9. பை 12, அட்டைப்பெட்டி 20. கூரியர் 55. பணம் வாங்கித்தரும் கம்பெனிக்கு 4. வாங்காமல் திரும்பி வருகிற பார்சலைப் பரப்பினால் தலைக்கு 12. விளம்பரம் 60. கூட்டினால் 252. 'ஒரு பாக்கெட் வித்தா 72 ரூபாய் நஷ்டம் மாமா' என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. அவரே பத்திரிகையைத் திருப்பி உறைமேல் எழுதினார். நான்கு பாக்கெட் சேர்த்து வாங்கினால் வரவு 720. கருவாடு 320, கழிவு 36, பை 48, பெட்டி அதே 20, கூரியர் 90, பணக் கட்டணம் 14, திரும்புவது 12. ஆக 540. மிச்சம் 180, விளம்பரம் 60 போனாலும் 120 நிற்கிறது. இரண்டாம் முறை வாங்குகிறவருக்கு விளம்பரமே கிடையாது. அதனால் நான்கு பாக்கெட்டுக்குக் கீழே ஆர்டர் எடுப்பதை நிறுத்தி இரண்டு மாதமாகிறது, ஆர்டர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, பணம் மிஞ்ச ஆரம்பித்தது என்றார். இந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் பல் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நஷ்டம் இருப்பது எங்களுக்குப் பிரச்சினை இல்லை. முதல் கட்டத்தில் எல்லாருக்கும் நஷ்டம்தான். எந்த வரியில் நஷ்டம், அது எதனால் குறையும் என்று உங்களுக்கே தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை. 'விற்பனை கூடினால் எல்லாம் சரியாகிவிடும்' என்பது கணக்கு இல்லை. 72 ரூபாய் நஷ்டத்தில் பத்தாயிரம் பாக்கெட் விற்றால் 7 லட்சத்து 20 ஆயிரம் நஷ்டம், அவ்வளவுதான்.

அதே பெண்ணிடம் நண்பர் ஒருவர் கேட்டார்: தடைக்காலத்தில் மீனுக்கு என்ன செய்வாய்? இது தொழில் தெரிந்தவரைக் கண்டுபிடிக்கும் கேள்வி. சின்னமுட்டத்தில் விசைப்படகுக்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு காலண்டர். 'ரெண்டு பக்கமும் ஒண்ணா நிக்கிறது ரெண்டே வாரம்தான். அப்பவும் வள்ளம் போகும். ஆனா விலை ஏறும், அதனால மார்ச்லயே காயவச்சு அடைச்சுருவேன். அதுக்குத்தான் உங்க பணத்துல 4 லட்சம்' என்று சொன்னார். கேட்ட தொகைக்கும் செய்யப்போகும் வேலைக்கும் இப்படி நேர்க்கோடு இருக்கணும். 'மார்க்கெட்டிங் 40 சதவீதம், டெக்னாலஜி 30 சதவீதம்' என்று வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டினால் எனக்கு ஒன்றும் விளங்காது.

எவ்வளவு கேட்பது? பதினெட்டு மாதம் தாக்குப்பிடிக்கும் அளவு. அடுத்த பணம் தேடவே ஆறு மாதம் போய்விடும், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எவ்வளவு பங்கு கொடுப்பது? பணம் வருவதற்கு முன் கம்பெனி மதிப்பு 1.75 கோடி என்று ஒத்துக்கொண்டு 25 லட்சம் வாங்கினால், வந்த பின் மதிப்பு 2 கோடி, எங்களுக்கு 12.5 சதவீதம். முதல் சுற்றில் 10 முதல் 20 வரை கொடுப்பது சகஜம். அதற்கு மேல் கேட்கும் இன்வெஸ்டரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள், அது நானாக இருந்தாலும். இந்த வயதுக் கம்பெனிக்கு மதிப்பு என்பது அறிவியல் ஒன்றுமில்லை, பேரம்தான். ஆனால் பேரத்தில் ரொம்ப ஜெயித்துவிட்டாலும் ஆபத்து உண்டு: அடுத்த சுற்றில் அதைவிடக் கூடுதல் மதிப்பைக் காட்டியாக வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு வேறொன்று. குவைத்தில் இருக்கும் தாய்மாமா ஆரம்பத்தில் 5 லட்சம் கொடுத்திருப்பார், பாசத்தில் 40 சதவீதம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். மாமா நல்லவர்தான். ஆனால் வேலை செய்கிறவர்கள் கையில் போதிய பங்கு இல்லாத கம்பெனியில் அடுத்தவர் பணம் போட மாட்டார். மாமாவிடம் பேசி அதைச் சரிசெய்துவிட்டுத்தான் வெளியே போகணும். எங்களிடம் வந்து 'அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்' என்றால், அந்தப் பேச்சு எவ்வளவு கஷ்டம் என்பது எங்களுக்கும் தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எல்லாம் வீண். நான் ஆறு லட்சம் தொலைத்த கதை இதில்தான் இருக்கிறது. இரண்டு நண்பர்கள், நல்ல சாஃப்ட்வேர், பாதிக்குப் பாதி பங்கு. எட்டாவது மாதம் ஒருவர் கனடா போய்விட்டார், பங்கை விடாமல். மிச்சம் இருந்தவர் ராத்திரி பகலாக உழைத்தாலும் பாதி அங்கே. ஒரு வருடத்தில் அவருக்கு மனசு விட்டுப்போனது. தப்பு என் மேல். அவர்களுக்குள் ஒப்பந்தம் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. இப்போது முதல் கேள்வியே அதுதான். ஃபவுண்டர்களின் பங்கு நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொந்தமாக வேண்டும், முதல் வருடம் முடியும் முன் போனால் ஒன்றும் கிடையாது என்று எழுதியிருக்கணும். வெஸ்டிங் என்பது இதுதான். அதோடு, இருவரையும் தனித்தனியாக டீ குடிக்கக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்பேன்: 'உங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலைன்னா யார் சொல்றது நடக்கும்?' இரண்டு பேரும் ஒரே பேரைச் சொன்னால் நிம்மதி. இருவரும் தன் பேரையே சொன்னால் டீக்காசை நான் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

காகிதங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், இதற்கு ஆடிட்டர் இருக்கிறார். பிரைவேட் லிமிடெட்டாக இருக்கணும். பார்ட்னர்ஷிப்பில் பங்கு வெளியிட முடியாது. கம்பெனிச் சட்டம் 42-ஆம் பிரிவின்படி பணம் தனி வங்கிக் கணக்கில் வரணும், 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கணும், ஒதுக்கிய 15 நாளுக்குள் அதைத் தெரிவிக்கும் பாஸ்-3 படிவம் போடணும். அது போடும்வரை அந்தப் பணத்தில் ஒரு ரூபாய் தொடக் கூடாது. வாடகை பாக்கிக்கு எடுத்துவிட்டு 'ஒரு வாரம்தானே' என்று சொன்னவரைப் பார்த்திருக்கிறேன். பங்கை மதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு விற்றால் கம்பெனிமேல் விழும் வரி என்று 2012-இல் வந்து பயமுறுத்திக்கொண்டிருந்த ஏஞ்சல் டாக்ஸ் 2024 ஜூலை பட்ஜெட்டில் போய்விட்டது, அந்தக் கவலை இனி வேண்டாம். கன்வர்ட்டிபிள் நோட் (இப்போது கடனாகக் கொடுத்துப் பிறகு பங்காக மாற்றிக்கொள்வது) என்றால் ஒருவரே ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் தரவேண்டும் என்பதால் எங்களைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு அது சரிப்படாது, நாங்கள் பங்காகவே வாங்குகிறோம். வெப்சைட் முகவரியும் பிராண்டு பெயரும் கம்பெனி பேரில் இருக்கட்டும், சித்தப்பா மகன் பேரில் வேண்டாம்.

பதில் வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். 'பார்க்கலாம் மக்களே, பிறகு பேசுவோம்' என்றால் இல்லை என்று அர்த்தம். 'டாக்டரையும் ஒருமுறை பார்த்துட்டு வாங்க, போன மாச பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்துட்டு வாங்க' என்றால் விஷயம் நகர்கிறது. இல்லை என்று வந்தாலும் மாதம் ஒருமுறை நான்கு வரி அனுப்புங்கள்: விற்பனை, கையிருப்பு, எத்தனை மாதம் தாங்கும், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ரப்பர் பையன் இன்னும் அனுப்புகிறான். இப்போது மழையிலும் வெட்டு நிற்காமலிருக்க மரத்துக்கு மழைக்கவசம் போட்டுத் தரும் வேலையையும் சேர்த்திருக்கிறான், போன வாரம் பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்டிருக்கிறேன்.

கருவாட்டுக்காரிக்கு 15 லட்சம் கொடுத்தோம். முதல் மாதம் வந்த செய்தி இப்படி இருந்தது: 'விற்பனை போன மாசத்தை விட 11 சதவீதம் குறைவு. ஒரு லாட்ல ஈரம் நின்னுடுச்சு, 140 பாக்கெட் திரும்ப எடுத்து காசு கொடுத்துட்டேன். ஈரம் பார்க்கிற மெஷின் வாங்கியாச்சு. கைல 16 மாசத்துக்குக் காசு இருக்கு.' நான் அதை டாக்டருக்கு அனுப்பினேன். 'அடுத்த தடவை நம்ம வீட்டுக்கும் நாலு பாக்கெட் சொல்லுங்க' என்று பதில் போட்டார்.